பாலிகார்பனேட் பாடியில் வாட்டர்பேஸ் ஏர்பிரஷ் பெயின்ட்: உதிராமல் அடிக்க ஒரு வழிகாட்டி

ரிமோட் கார்களுக்கு வரும் நிறமில்லாத பாலிகார்பனேட் பாடியில் வாட்டர்பேஸ் பெயின்ட் அடித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "பார்க்க அருமையா வந்தது, கார் ஒரு தடவை மோதினதும் செதில் செதிலா உதிர்ந்துடுச்சு." நானும் இதில் நிறைய அல்லாடியிருக்கிறேன். துண்டு துண்டாகக் குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆள் இல்லை. புதிதாக ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவும் சிறு கருவி) பிடிப்பவர்கள் அந்தச் சிரமத்தைப் படக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட்டுக்கென்று வரும் சால்வென்ட் பெயின்ட் (நீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் கலந்தது), பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதற்குள் பிடித்துக்கொள்ளும். வாட்டர்பேஸ் பெயின்ட்டால் அது முடியாது. அது பரப்பின் மேல் ஒரு மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் பரப்பு எவ்வளவு சுத்தம், முதல் பூச்சு எவ்வளவு மெல்லியது, ஒவ்வொரு பூச்சும் எவ்வளவு நன்றாகக் காய்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே சொல்லும் படிகளில் பாதிக்குமேல் இந்த மூன்றுக்காகத்தான்.

1. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

"அக்ரிலிக்" என்று எழுதியிருக்கும் பாட்டில் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசை அக்ரிலிக் பெயின்ட்கள் கெட்டியான பிளாஸ்டிக் கிட்களுக்கானவை. வளைந்து கொடுக்கும் பாலிகார்பனேட்டில் அவை நிற்காது. அதே நிறுவனத்தின் பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கானது, ஆனால் அது சால்வென்ட் ஸ்ப்ரே. வாட்டர்பேஸில் பாஸ்கலர் இந்த வேலைக்கென்றே வந்த பெயின்ட்; கிரியேடெக்ஸையும் பலர் பயன்படுத்துகிறார்கள். எதை எடுத்தாலும் லேபிளில் பாலிகார்பனேட் அல்லது லெக்ஸான் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுதான், லெக்ஸான் என்பது வணிகப் பெயர்.

அடுத்து, பெயின்ட் தயாரிப்பாளர் வெளியிடும் தொழில்நுட்பத் தாளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரெடியூசர் (பெயின்ட்டை இளக்கும் திரவம்), என்ன விகிதம், எந்த அளவு நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை), எவ்வளவு காற்றழுத்தம், காய எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் இங்கே சொல்லும் எண்ணுக்கும் அந்தத் தாளில் உள்ள எண்ணுக்கும் வித்தியாசம் வந்தால் தாளையே நம்புங்கள். பாதுகாப்புத் தாள் தனியாக இருக்கும், அதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாடியோடு வரும் குறிப்புத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் மாஸ்க் (பெயின்ட் படாமல் மறைக்கும் ஒட்டுத்தாள்) எந்த இடம், வெட்டும் கோடு எது என்பது அதில்தான் இருக்கிறது.

2. எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்

பெரிய செலவு கம்ப்ரஸரும் ஏர்பிரஷும்தான். கம்ப்ரஸரில் டேங்க் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் காற்று விட்டுவிட்டு வரும், கோடு நடுங்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் வேலை செய்தால், குழாயில் தங்கிய நீர் திடீரென்று ஒரு துளியாக வந்து விழுந்து அதுவரை செய்ததைக் கெடுத்துவிடும்.

ஏர்பிரஷ் டபுள் ஆக்‌ஷன், அதாவது காற்றையும் பெயின்ட்டையும் தனித்தனியே கட்டுப்படுத்துவது, மேலே கிண்ணம் உள்ள வகையாக இருக்கட்டும். முழு பாடிக்கு 0.5 மி.மீ. நாசில் வசதி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 0.3 மி.மீ. எடுத்தால் பெரிய பரப்பு, மெல்லிய கோடு இரண்டுக்கும் சமாளிக்கலாம். 0.2 மி.மீ. வேண்டாம். வாட்டர்பேஸ் பெயின்ட் அதில் அடிக்கடி அடைத்துக்கொண்டு, தொடக்கத்திலேயே உங்களைச் சலிக்க வைத்துவிடும்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் நிறங்கள். முழு செட் வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்டு கறுப்பு, வெள்ளை, இன்னும் இரண்டு நிறம் சிறிய பாட்டில்களில் வாங்குங்கள். மிச்சமான பணத்தில் அதே தயாரிப்பாளரின் ரெடியூசரை வாங்குங்கள். காயவைக்க வீட்டில் இருக்கும் ஹேர் டிரையரே போதும்.

3. முதலில் பொருத்திப் பாருங்கள், பிறகு கழுவுங்கள்

பெயின்ட் அடித்துவிட்டால் பாடிக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதனால் இப்போதே பாடியைக் காரின் மேல் வைத்து, பாடியைத் தாங்கும் கம்பிகள் எந்த இடத்தில் வருகின்றன, சக்கரத்துக்கு எங்கே வெட்ட வேண்டும் என்பதை வெளிப்புறப் பாதுகாப்புப் படலத்தின் மேல் மார்க்கரால் குறியுங்கள். வெட்டும் வேலையையும் இப்போதே முடிப்பதுதான் என் பழக்கம். வாட்டர்பேஸ் படலம் காய்ந்தபின் கத்தரி வைத்தால் ஓரம் பிளவுபட்டு அங்கிருந்தே உரியத் தொடங்கும். வெட்டிய விளிம்பை நைசான உப்புத்தாளால் தேய்த்து மழுங்கடியுங்கள். வெட்டி விழும் துண்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், அவை பின்னால் சோதித்துப் பார்க்க ரொம்பவே உதவும். ஒரு துண்டைப் பாடியோடு சேர்த்தே கழுவி, பெயின்ட்டும் அடியுங்கள்.

வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைக் கடைசி வரை எடுக்கக் கூடாது. பெயின்ட் அடிப்பது உட்புறத்தில். வெளியே தெறிப்பதை அந்தப் படலம் வாங்கிக்கொள்ளும்.

இப்போது கழுவுங்கள். அச்சிலிருந்து எடுத்த பாடியில் எண்ணெய்ப் பசை, விரல் ரேகை எல்லாம் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, மென்மையான ஸ்பாஞ்சால் உட்புறம் முழுவதையும் தேய்த்து, நிறைய நீர் விட்டு அலசுங்கள். சரியாகச் சுத்தமாகியிருந்தால் நீர் ஒரே படலமாக வழிந்து இறங்கும். எங்காவது முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவுங்கள். துணியால் துடைக்க வேண்டாம், நூல் ஒட்டும். கவிழ்த்து வைத்துத் தானாகக் காயவிடுங்கள். இதற்குப் பிறகு உட்புறத்தை வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் தின்னர் இவற்றால் பாலிகார்பனேட்டைத் துடைக்கவே கூடாது. பரப்பு வெளுத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பிறகு லேசாகத் தட்டினாலே உடையும். எண்ணெய் போகவில்லை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும்.

4. மாஸ்க் ஒட்டுவது

ஜன்னல்களுக்கான வெட்டிய மாஸ்க் பெரும்பாலும் பாடியோடு வரும். உட்புறத்தில் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தமாகத் தேயுங்கள். வளைவான இடத்தில் மாஸ்க் சுருக்கம் விழுந்து தூக்கிக்கொண்டு நின்றால், அங்கே பிளேடால் சிறு கீறல் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஒட்டலாம்.

உங்கள் சொந்த டிசைன் என்றால் திரவ மாஸ்க் வசதி. உட்புறம் முழுக்கப் பிரஷ்ஷால் அல்லது ஸ்ப்ரேயால் தடிமனாகப் பூசி, ஒரு இரவு காயவிட்டு, பிளேடால் கீறி வேண்டிய பகுதியை மட்டும் உரித்தெடுப்பது. மெல்லிசாகப் பூசினால் உரிக்கும்போது கந்தல் கந்தலாகக் கிழியும். கீறும்போது புது பிளேடு போட்டு, பிளேடின் சொந்த எடையே போதும் என்கிற அளவுக்கு லேசாகப் பிடியுங்கள். மாஸ்க் மட்டும் அறுபட வேண்டும். பிளேடு பாலிகார்பனேட்டுக்குள் இறங்கினால், மோதும்போது பாடி அந்தக் கோட்டில்தான் பிளக்கும். அழுத்தம் கைக்குப் பழகும்வரை மீதித் துண்டுகளில் கீறிப் பாருங்கள். கீறிய பின் துண்டை வளைத்தால், ஆழமாக இறங்கிய இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

மாஸ்க் ஒட்டியபின், திறந்திருக்கும் பகுதியை மிக நைசான சாம்பல் நிற நைலான் தேய்ப்பானால் லேசாகத் தேய்த்துவிடலாம். பெயின்ட்டுக்குப் பிடிப்பு கிடைக்கும். அந்த நுண்ணிய கீறல்களைப் பெயின்ட் நிரப்பிவிடுவதால் வெளியிலிருந்து தெரியாது. ஆனால் கறுப்பு, அடர் நிறங்களுக்கு முன்னால் மீதித் துண்டில் சோதித்துக்கொள்ளுங்கள். தேய்த்த தூசியை ஈரமான, நூல் விடாத துணியால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள்.

5. பெயின்ட் கலப்பது

பெயின்ட்டைப் பாட்டிலிலிருந்து நேராக ஏர்பிரஷ் கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். சிறு கப்பில் எடுத்து, ரெடியூசரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். கப்பைச் சாய்த்து நிமிர்த்தினால், சுவரில் பால் வழிவது போல ஒரு மெல்லிய திரையை விட்டுவிட்டு இறங்க வேண்டும். தடிமனாகத் திரண்டு நின்றால் இன்னும் சேர்க்கலாம். சுவரே தெரிகிற அளவுக்கு ஓடிவிட்டால் அதிகம் சேர்த்துவிட்டீர்கள். கொஞ்சம் பெயின்ட் விடுங்கள்.

வாட்டர்பேஸ்தானே, தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று எல்லோருக்கும் தோன்றும். போதாது. தண்ணீர் அதிகமானால் பெயின்ட்டில் உள்ள பிசின் நீர்த்துப்போய் ஒட்டும் தன்மை குறையும். மேலும் வழவழப்பான பிளாஸ்டிக்கில் நீர் பரவாமல் துளியாகத் திரளும். ரெடியூசர் பரப்பை நனைய வைக்கிறது. பணம் மிச்சம் என்று தண்ணீரைக் கலப்பதும் பெயின்ட் உதிர்வதற்கு ஒரு சாதாரணமான காரணம்.

கலந்ததைச் சிறு சல்லடையில் வடிகட்டி ஊற்றுங்கள். பாட்டில் வாயில் காய்ந்த ஒரு துணுக்கு போதும், நாசில் அடைத்துக்கொள்ளும்.

6. நிறங்களின் வரிசை தலைகீழ்

உள்ளிருந்து அடிப்பதால் நீங்கள் முதலில் அடிப்பதுதான் வெளியே மேலாகத் தெரியும். எனவே கோடுகள், எண்கள், நிழல்கள் முதலில். பெரிய பரப்பு கடைசியில். அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. மஞ்சளை அடித்துவிட்டு அதன் பின்னால் கறுப்பு அடித்தால், மஞ்சள் அழுக்கேறிய பச்சையாகத் தெரியும்.

பின்னால் வரும் நிறம் முன்னால் உள்ளதை மாற்றும் என்பதை எப்போதும் கணக்கில் வையுங்கள். ஃப்ளூரசென்ட் நிறங்கள் மெல்லியவை. பின்னால் வெள்ளை இல்லாவிட்டால் சோர்ந்துபோய்த் தெரியும். ஒளி ஊடுருவும் கேண்டி நிறங்களுக்குப் பின்னால் வெள்ளி அடித்தால்தான் பளபளப்பு கிடைக்கும். ஒரு துண்டில் சிவப்பு அடித்து, பாதிக்கு வெள்ளையும் பாதிக்குக் கறுப்பும் பின்னால் அடித்துப் பாருங்கள். ஒரே சிவப்பா இது என்று இருக்கும்.

7. அடிப்பது: முதல் இரண்டு பூச்சில் கவனம்

ஜன்னல் திறந்த, தூசி இல்லாத அறை. முகத்தில் துகள் வடிகட்டும் மாஸ்க், என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரம். வாட்டர்பேஸ் என்றால் நாற்றம் குறைவு, அவ்வளவுதான். பொடியாகப் பறக்கும் நிறத்துகளும் பிசினும் நுரையீரலுக்கு நல்லதல்ல. நாற்றம் வராததாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

காற்றழுத்தம் பெரும்பாலும் 20 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும், கெட்டியான பெயின்ட்டுக்குக் கொஞ்சம் கூட வேண்டியிருக்கலாம். விசையை அழுத்திக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது 30 காட்டும் மீட்டர், காற்று ஓடத் தொடங்கியதும் நன்றாகவே இறங்கும்.

தூரம் 10 முதல் 15 செ.மீ. முதலில் காற்றை மட்டும் திறந்து, கையை நகர்த்தத் தொடங்கி, பாடியின் விளிம்புக்கு வெளியே இருக்கும்போதே பெயின்ட்டை விடுங்கள். மறு விளிம்பைத் தாண்டியபின் பெயின்ட்டை நிறுத்தி, கடைசியாகக் காற்றை நிறுத்துங்கள்.

முதல் பூச்சு பார்க்கவே பிடிக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக, அந்தப் பக்கம் முழுக்கத் தெரிகிற அளவுக்குத் தூவலாக மட்டும் விழ வேண்டும். நிறம் வரவில்லையே என்று அங்கேயே நின்று அடித்தால், பெயின்ட் தேங்கி, காற்று அதைத் தள்ளி, சிலந்திக்கால் போன்ற கோடுகள் கிளம்பும். தூவிவிட்டு நிறுத்துங்கள். ஹேர் டிரையரை மிதமான சூட்டில், 20 செ.மீ.க்குக் குறையாத தூரத்தில், கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது மினுங்கிய பெயின்ட் மெல்ல மெல்ல மங்கி, முழுவதும் மங்கலாகும்போது அந்தப் பூச்சு காய்ந்திருக்கிறது. பாடி மறுபடி அறையின் சூட்டுக்கு வந்தபின்தான் அடுத்தது. இரண்டாவதும் அதேபோல் தூவல்தான். இந்த இரண்டும் பிடித்துக்கொண்டால் மேலே வருவதெல்லாம் பிடிக்கும். மூன்றாவதிலிருந்து கொஞ்சம் ஈரமாக அடிக்கலாம். நிறம் நிரம்ப நான்கைந்து பூச்சு ஆகும். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இன்னும் கூடும்.

ஹீட் கன் வேண்டாம். பாலிகார்பனேட் 150 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும். ஹீட் கன் அதைச் சுலபமாகத் தாண்டும். ஹேர் டிரையரையும் ஒட்டிப் பிடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாக எழும்பும்.

பாடியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய இடங்கள், ஊசித்துளைகள் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். சக்கர வளைவுகளின் உள்மூலை, இறக்கையின் மடிப்பு, இந்த இரண்டும்தான் எப்போதும் விட்டுப்போகிற இடங்கள்.

8. நடுவில் வரும் தொல்லைகள்

பெயின்ட் வரத்து திடீரென்று குறைந்து, பிறகு துப்பலாக வந்தால் ஊசி முனையில் பெயின்ட் காய்ந்திருக்கிறது. வாட்டர்பேஸில் இது நோய் இல்லை, இயல்பு. ரெடியூசரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் முனையைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். அடிக்கடி நடந்தால் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் ஒரு சொட்டு சேர்க்கலாம். அதிகம் சேர்த்தால் பூச்சு காயவே காயாது.

கிண்ணத்தில் குமிழி வந்தால் நாசில் அடைத்திருக்கிறது அல்லது சரியாகத் திருகப்படவில்லை. பூச்சு மாவாக, சொரசொரப்பாக விழுந்தால் தூரம் அதிகம் அல்லது அழுத்தம் அதிகம். துளி வழியில் பாதியிலேயே காய்ந்துவிடுகிறது. இந்த மாவுப்பூச்சுதான் ஆபத்தானது, ஏனென்றால் பார்க்க நன்றாக மூடியதுபோல் இருக்கும், ஒட்டியே இருக்காது.

9. மாஸ்க் உரிப்பது

நிறத்துக்கு நிறம் மாஸ்க் எடுக்கும்போது, முதலில் ஓரக்கோட்டில் பிளேடை மிக லேசாக ஓட்டிப் படலத்தைப் பிரித்துவிடுங்கள். வாட்டர்பேஸ் பெயின்ட் காய்ந்தால் ரப்பர்த்தன்மை உள்ள தோலாக இருக்கும். பிரிக்காமல் இழுத்தால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வரும். பிறகு மாஸ்க்கைப் பின்னோக்கி மடித்து, பரப்பை ஒட்டியபடியே மெதுவாக இழுங்கள். செங்குத்தாகத் தூக்கக் கூடாது.

10. பின்பூச்சும் காத்திருப்பும்

நிறமெல்லாம் முடிந்ததும் கறுப்பு, வெள்ளை அல்லது வெள்ளியில் ஒரு முழுப் பின்பூச்சு. அதன் மேல் அதே தயாரிப்பாளரின் வாட்டர்பேஸ் கிளியர் (நிறமற்ற பூச்சு) மெல்லியதாக இரண்டு தடவை. வலுவாக இருக்கட்டும் என்று சால்வென்ட் ஸ்ப்ரேயைப் பின்னால் கனமாக அடித்தால் வாட்டர்பேஸ் படலம் சுருங்கிப்போகக்கூடும். துண்டில் சோதிக்காமல் பாடியில் அடிக்காதீர்கள். நைட்ரோ எரிபொருள் காருக்கான பாடி என்றால், அந்த எரிபொருளில் உள்ள மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் பெயின்ட்டைக் கரைத்துவிடும். எரிபொருளைத் தாங்கும் பின்பூச்சு இல்லாமல் ஓட்டவே கூடாது.

அப்புறம் காத்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நாட்களில் இன்னும் ஒரு நாள் விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பாடியோடு சேர்த்து அடித்த துண்டை எடுங்கள். பெயின்ட் பக்கத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, மேலே டேப் ஒட்டி அழுத்தித் தேய்த்து, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் பாடியைக் காரில் மாட்டலாம். டேப்போடு கட்டங்கள் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கழுவலை, அடுத்து முதல் பூச்சை.

மொத்த வேலையையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். முதல் நாள் மாலை பொருத்தி, வெட்டி, கழுவி, மாஸ்க். இரவு அது காயும். மறுநாள் முழுக்கப் பெயின்ட். அதற்கடுத்த இரண்டு நாள் பாடியைத் தொடாமல் வையுங்கள். பிறகு துளைகள் போட்டு, வெளிப்படலத்தை உரித்து, ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பந்தயம் ஞாயிறு என்றால் புதன் மாலையே தொடங்கிவிட வேண்டும்.

11. ஏர்பிரஷ்ஷை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஈரமாக இருக்கும்வரை நீரிலேயே போகும் பெயின்ட், காய்ந்தபின் நீருக்கு அசையாது. நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, நீர் தெளிவாக வரும்வரை அடித்தால் போதும். வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடைத்து, நாசிலைக் கழற்றி ஏர்பிரஷ் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். முழு ஏர்பிரஷ்ஷையும் நீரிலோ கிளீனரிலோ ஊறப்போட்டால் உள்ளே உள்ள வாஷர்களும் வால்வும் கெடும். ஊசியை எப்போதும் முனையை நோக்கித் துடையுங்கள். முனை ஒரு தடவை வளைந்தால் பெயின்ட் ஒரு பக்கமாகத்தான் போகும், புது ஊசி வாங்க வேண்டியதுதான். ரெடியூசர் கலந்து மீந்த பெயின்ட்டைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள். தனிச் சிறு குப்பியில் நிறத்தையும் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டால், மோதலில் உரிந்த இடத்தை உள்ளிருந்து சரிசெய்ய அது போதும்.